போது தொடுத்தல்

இறைவழிபாட்டுக்கு மனம் ஒன்றே போதுமானால் கை எதற்கு, கைவேலை எதற்கு, அந்த வேலையில் உடன் அமரும் மனிதர்கள் எதற்கு என்ற கேள்வி தமிழ்ச் சமய மரபில் மிகப் பழையது. சென்னைக்கு மேற்கே, பரங்கிமலையிலிருந்து வரும் சாலையும் ஆவடிச் சாலையும் கூடும் கரையான்சாவடியை நடுவாக வைத்துப் பார்த்தால், இக்கேள்வியோடு நேரடித் தொடர்புடைய நான்கு ஊர்கள் சுற்றிலும் அமைந்திருப்பதைக் காணலாம். வடமேற்கே பூசலார் நாயனாரின் திருநின்றவூர், மேற்கே திருமழிசையாழ்வாரின் திருமழிசை, தெற்கே பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் குன்றத்தூர், கரையான்சாவடியை ஒட்டியே திருக்கச்சி நம்பிகளின் பூந்தமல்லி என அவை அமைந்துள்ளன. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கவும் ஊரார் கூடிப் பேசவும் பொதுவாக விடப்பட்ட இடத்தைக் குறிக்கும் சொல்லாதலால், கூடியிருத்தல் பற்றிய ஆராய்ச்சியை அப்பெயர் தாங்கிய ஓர் ஊரிலிருந்து தொடங்குவது பொருத்தமே.

கேள்வியின் ஒரு முனையில் நிற்பவர் பூசலார். கோயில் கட்ட விரும்பியும் பொருள் திரட்ட இயலாத அவர், கல்லும் மரமும் சிற்பியும் தச்சரும் ஆகிய அனைத்தையும் உள்ளத்திலேயே தேடிக்கொண்டு, அடிநிலை முதல் சிகரம் வரை மனத்துக்குள் ஒரு கோயிலை எழுப்பிக் குடமுழுக்குக்கும் நாள் குறித்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. காஞ்சியில் கற்கோயில் எடுத்து அதே நாளில் குடமுழுக்குச் செய்யவிருந்த காடவர் மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, நின்றவூரில் அன்பன் கட்டிய கோயிலுக்குத் தாம் செல்ல வேண்டியிருப்பதால் மன்னன் வேறு நாள் பார்க்க வேண்டும் என்று பணித்தார் என்றும் அது கூறும். புறப்பொருள் எதுவும் இன்றி உள்ளத்தால் மட்டுமே செய்யும் வழிபாட்டை மானச பூசை என்பர். அதன் முழுமைக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

மறுமுனையில் நிற்பவர் திருக்கச்சி நம்பிகள். கி.பி. 1009இல் பூந்தமல்லியில் அந்தணரல்லாத வணிகக் குடியில் பிறந்தார் என்று வைணவ மரபு கூறும் இவர், தமக்கு வந்த குடும்பப் பங்கைக் கொண்டு மலர்த்தோட்டம் அமைத்து, பூப்பறித்து, மாலை தொடுத்து, காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாளுக்குச் சுமந்து சென்றார். பூந்தமல்லிக்கும் காஞ்சிக்கும் இடையே ஏறத்தாழ 50 கி.மீ. உண்டு என்பதால், நாள்தோறும் நடந்தார் என்ற வழக்கு அளந்து பார்ப்பவர்க்கு மிகையாகத் தோன்றலாம். ஆயினும் மாலை வாடுவதற்குள் சேர வேண்டும் என்ற தவிப்பை அவ்வழக்கு நன்கு காத்து வைத்திருக்கிறது. பின்னர் அவர் காஞ்சியிலேயே பெருமாளுக்கு விசிறி வீசும் திருவாலவட்டத் தொண்டை ஏற்று, அவ்வேளையில் பெருமாளோடு பேசும் பேறும் பெற்றார் என்பர். வடமொழியில் வரதராசர் மீது தேவராசாஷ்டகம் என்ற எட்டுச் சுலோகங்களை இயற்றும் புலமை உடையவராயினும், மரபு அவரை நினைவில் வைத்திருப்பது பூவாலும் விசிறியாலுமே.

உள்ளத்தில் கட்டிய கோயிலை முழுமையானது என்று ஏற்ற அதே மரபு, வாடிப்போகும் பூவைத் தொடுத்தவரையும் ஆசாரியர் வரிசையில் ஏன் வைத்தது? மனத்தால் ஆகாத எதைக் கை செய்கிறது? இங்கு முன்வைக்கப்படும் விடை இதுதான்: பூத்தொடுத்தல் போன்ற எளிய கைவேலை இறைவனுக்குப் பூவைத் தருகிறது, அதை விட்டால் நெருங்கியிருக்கவே வாய்ப்பில்லாத மனிதர்களுக்கு ஒருவரையொருவர் தருகிறது. இந்த இரண்டாவது கொடையைத் தமிழ்ச் சமய மரபு முதலாவதற்குக் குறைந்ததாக எண்ணவில்லை.

பொழுதும் போதும்

கைவேலையைச் சிலர் பொழுதுபோக்கு என்று சொல்லிச் சிறுமைப்படுத்துவது உண்டு. ஆனால் வைணவர்கள் ஆசாரியரிடம் அமர்ந்து நூல்களின் பொருள் கேட்பதற்கு இட்ட பெயரே காலட்சேபம், அதாவது காலத்தைப் போக்குதல் என்பது சிந்திக்கத்தக்கது. திருமழிசையாழ்வார் தம் நான்முகன் திருவந்தாதியில், எழுதியும் வாசித்தும் கேட்டும் வணங்கியும் தம் பொழுது போயிற்று என்று கணக்கு ஒப்புவிப்பவர்போல் ஒரு பாட்டுப் பாடியுள்ளார். எவ்வாறாயினும் போய்விடப் போகிற பொழுதை எதன்மேல் போக்குவது, யாருடன் போக்குவது என்பதே சமய வாழ்வின் நடைமுறைக் கேள்வி என்ற தெளிவு இச்சொல்லாட்சிகளில் உள்ளது.

தமிழில் போது என்ற சொல்லுக்குக் காலம் என்றும், மலரும் தறுவாயில் உள்ள மொட்டு என்றும் இரு பொருள்கள் உண்டு. இவ்விரண்டும் ஒரே வேரின் கிளைகளா என்பது சொல்லாராய்ச்சியாளர்க்கு உரிய வினா. தமிழ் பேசுவோர் செவிக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. போது தொடுப்பவர் ஒரே அசைவில் மொட்டையும் காலத்தையும் தொடுக்கிறார். ஒருவர் தனியே அமர்ந்து தொடுத்தால் அது அவருடைய காலம்; நால்வர் அமர்ந்து தொடுத்தால் நால்வரின் காலமும் ஒரே நாரில் ஏறுகிறது. நட்பு என்பது ஒருவர்க்கொருவர் கொடுத்துக்கொண்ட காலத்தின் தொகையாகுமானால், பூச்சரம் அதன் கண்ணுக்குத் தெரியும் வடிவம் எனலாம்.

நாரின் இயல்பு

இக்கருத்து வெறும் சொல்விளையாட்டாக நின்றுவிடாமல் இருக்க, வேலையைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். மல்லிகையும் முல்லையும் மொட்டாக இருக்கையிலேயே, வெயில் ஏறுவதற்கு முன் பறிக்கப்படுகின்றன. காய்ந்த வாழைமட்டையிலிருந்து கிழித்தெடுத்த நாரை நீரில் நனைத்து வைக்கிறார்கள். நனையாத நார் முறியும், காம்பையும் அறுக்கும். நாரின் ஒரு முனையை இடக்கை விரல்களுக்கிடையில் பிடித்து, இரண்டு மொட்டுகள் ஒரு பக்கம் தலைநீட்டவும் இரண்டு மறுபக்கம் தலைநீட்டவும் காம்புகளைக் குறுக்கே அடுக்கி, வலக்கையால் நாரைச் சுற்றிக் கண்ணி போட்டு இழுத்தால் ஒரு கட்டு விழுகிறது. இறுக்கினால் காம்பு நைந்து பூ கருகும். தளர்த்தினால் தூக்கும்போதே உதிரும். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த அளவைச் சொல்லால் கற்பிக்க முடியாது. பழகிய கை அருகில் இருக்க, பழகாத கை பார்த்துப் பார்த்துத்தான் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பூக்களைக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நான்காகப் பகுப்பது தமிழ் மரபு. மரக்கிளையில் பூப்பதும், கொடியில் பூப்பதும், நீரில் பூப்பதும், தரையை ஒட்டிய செடியில் பூப்பதும் முறையே அவற்றால் குறிக்கப்படும். தொடுத்த வடிவங்களுக்கும் கோவை, இண்டை, கண்ணி, பிணையல், தாமம் எனத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. இத்தனை பெயர்கள் ஒரு மொழியில் நிலைத்திருக்க வேண்டுமானால், அவற்றைச் சொல்லிக் கேட்டு, திருத்தி, ஒப்பிட்டுப் பேசும் ஒரு கூட்டம் தலைமுறை தலைமுறையாக அமர்ந்திருக்க வேண்டும். ஒருவர் நார் கிழிக்க, ஒருவர் பழுதான மொட்டை நீக்க, ஒருவர் எடுத்துக் கொடுக்க, ஒருவர் கட்ட என்று பிரிந்தும் சேர்ந்தும் நடக்கும் இவ்வேலையில், முடிந்த மாலையைப் பார்த்து எந்தக் கட்டு எவருடையது என்று எவராலும் சொல்ல முடியாது.

இவ்வேலையின் இரண்டு இயல்புகள் தத்துவ நோக்கில் முதன்மையானவை. முதலாவது, தொடுப்பவர் மொட்டைத்தான் கையாளுகிறார். மலர்ச்சியும் மணமும் அவர் கையை விட்டுப் போன பிறகே, மாலையில், வேறொருவர் முன்னிலையில் நிகழ்கின்றன. இரண்டாவது, மறுநாள் அந்த மாலை களையப்படுகிறது. அது களையப்படுவதனால்தான் அதே மனிதர்கள் மீண்டும் கூட வேண்டியிருக்கிறது. கல்லில் வடித்த சிற்பம் முடிந்ததும் சிற்பியர் பிரிந்து போகலாம். பூமாலைக்கு முடிவு என்பது இல்லை. அதன் வாட்டமே அடுத்த நாளுக்கான அழைப்பு.

புகலூரின் மடம்

கைவேலையைச் சுற்றி அடியார் கூட்டம் அமைந்த இடங்களுள் தெளிவான சித்திரம் திருப்புகலூர் முருக நாயனார் வரலாற்றில் கிடைக்கிறது. அந்தணரான இவர் பொழுது விடியும் முன் எழுந்து நீராடி, நால்வகைப் பூக்களையும் வெவ்வேறு கூடைகளில் பறித்து வந்து, பலவகை மாலைகளாகத் தொடுத்து இறைவனுக்குச் சாத்தியவர். இவருடைய மடத்தில்தான் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் சிறுத்தொண்டரும் திருநீலநக்கரும் ஒருங்கே தங்கி அளவளாவினர் என்று சேக்கிழார் பாடுகிறார். சம்பந்தரோடு எப்போதும் உடன் வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பாணர் குடியினர், நாவுக்கரசர் வேளாளர், சிறுத்தொண்டர் பல்லவர் படையை நடத்திப் போர்க்களம் கண்டு, பின் படைத்தொழிலை விட்டவர், நீலநக்கர் சாத்தமங்கையில் வேள்வி செய்த மறையவர். வயதாலும் பிறப்பாலும் தொழிலாலும் இவ்வளவு வேறுபட்டவர்கள் ஒரு கூரையின்கீழ் நாள்களைக் கழித்தார்கள் என்றால், அந்தக் கூரை அரண்மனையுடையதாகவோ வேள்விச்சாலையுடையதாகவோ இல்லாமல், பூக்கூடைகள் வைக்கப்பட்ட மடத்தினுடையதாக இருந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. குன்றத்தூரில் பிறந்து, சோழ அரசில் உயர்பதவி வகித்த சேக்கிழார், கூட்டங்கள் எங்கே கூடுகின்றன என்பதை அறியாதவர் அல்லர்.

இவ்வரலாற்றின் முடிவு இன்னும் கவனிக்கத்தக்கது. சம்பந்தரின் திருமணம் நல்லூர்ப் பெருமணத்தில் நடந்தபோது முருகரும் சென்றிருந்தார். அங்கு தோன்றிய பேரொளியில் சம்பந்தர் திருமணத்துக்கு வந்திருந்தோர் அனைவரோடும் கலந்தார் என்பது புராணம். வீடுபேறு என்பது உயிர் தனித்துப் போகும் பயணம் என்று பொதுவாகக் கருதப்படும். அதைப் பந்தி பந்தியாக அமர்ந்திருந்த உறவினரும் நண்பரும் ஏவலரும் சேர்ந்து அடைந்ததாகப் பாடுவது தமிழ்ச் சைவத்தின் தனிச்சிறப்பு. பல மொட்டுகள் ஒரே நாரில் ஏறித் திருமேனியைச் சேர்வதுபோல, பல உயிர்கள் ஒரே அன்பில் ஏறி இறைவனைச் சேர்ந்தன என்று இந்த முடிவைப் படிப்பதில் தவறில்லை.

நம்பிகளும் இராமானுசரும்

வைணவத்தில் இதற்கு இணையான நட்பு நம்பிகளுக்கும் இராமானுசருக்கும் இடையே மலர்ந்தது. மரபுக் கணக்கின்படி 1017இல் திருப்பெரும்புதூரில் பிறந்து, காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்று, கருத்து வேறுபாட்டால் விலகி நின்ற இளம் இராமானுசருக்கு, நம்பிகள் காட்டிய வழி புதிய நூல் எதையும் படிப்பது அன்று. சாலைக்கிணறு என்ற கிணற்றிலிருந்து பெருமாளின் திருமஞ்சனத்துக்கு, அதாவது நீராட்டுக்கு, நாள்தோறும் ஒரு குடம் நீர் கொண்டு வரும்படி அவர் கூறினார். பிற்காலத்தில் பிரம்மசூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யம் என்ற பேருரை எழுதவிருந்த ஒருவருக்கு மூத்த நண்பர் கொடுத்த முதல் பாடம் தோளில் ஏற்றிய குடம்தான். இத்தகைய தொண்டைக் கைங்கரியம் என்பர். ஆண்டவனுக்கு உரியவனாக இருப்பதே உயிரின் இயல்பு, அந்த இயல்பின் வெளிப்பாடே தொண்டு என்பது அச்சொல்லின் உட்பொருள்.

பூச்சுமந்தவரும் நீர் சுமந்தவரும் ஒரே வாயிலில் நாள்தோறும் சந்தித்ததில் வளர்ந்த உறவு, ஒரு வீட்டு வாயிலில் சோதனைக்கு உள்ளாயிற்று. நம்பிகள் உண்ட மிச்சத்தைத் தாம் உண்டு பேறு பெற வேண்டும் என்று விரும்பிய இராமானுசர் அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்தார். அழைத்துவர இவர் ஒரு தெருவழியே செல்ல, அவர் மறு தெருவழியே வந்து, இராமானுசரின் மனைவியாகிய அம்மையார் இட்ட அமுதை உண்டு, தொண்டுக்கு நேரமாயிற்று என்று திரும்பிவிட்டார். இராமானுசர் வந்து பார்த்தபோது மிச்சம் வெளியே போயிருந்தது, இடம் மெழுகப்பட்டிருந்தது, அம்மையார் மீண்டும் நீராடியிருந்தார். நம்பிகளின் பிறப்பை எண்ணியே அவர் அவ்வாறு செய்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அம்மையார் மீது பழி சுமத்தி இக்கதையைக் கடந்துவிடுவது எளிது. அவர் தம் காலத்து வீடுகளெல்லாம் செய்ததையே செய்தார். பெருமாளின் தோளில் ஏறும்போது மாலை எவர் தொடுத்தது என்று எவரும் கேட்கவில்லை. அதைத் தொடுத்தவர் உண்ட இலை மட்டும் தீட்டாயிற்று. இம்முரண்பாட்டை மரபு மறைக்காமல் பாதுகாத்து, தலைமுறைதோறும் சொல்லி வருந்தி வருவது அதன் மனச்சான்றுக்கு அடையாளம்.

இராமானுசர் தம்மை மாணவனாக ஏற்கும்படி வேண்டியபோதும் நம்பிகள் உலக வழக்கை எண்ணி மறுத்தார். ஆயினும் நண்பருக்காகப் பெருமாளிடம் ஐயங்களைக் கேட்டு, ஆறு வார்த்தைகள் என்று போற்றப்படும் விடைகளைக் கொண்டு வந்து கொடுத்தார். பரம்பொருள் யார், உயிருக்கும் இறைக்கும் வேறுபாடு உண்டா, வழி எது, இறுதிக் காலத்து நினைவு கட்டாயமா, வீடுபேறு எப்போது, ஆசாரியர் யார் என்ற ஆறுக்கும் அவை விடை சொல்கின்றன. சரணடைதலே வழி என்பதும், கடைசி நேரத்தில் நினைக்க இயலாமற் போனாலும் கேடில்லை என்பதும், பெரிய நம்பி என்பவரை ஆசாரியராகக் கொள்க என்பதும் அவற்றுள் அடங்கும். ஒரு பெருந்தத்துவத்தின் ஆறு தூண்களும் ஒரு நண்பரின் வாய்வழியே, விசிறி வீசிய இடைவேளையில், பெறப்பட்டன என்று நம்பும் மரபு, அறிவு நட்பின் வழியாகவும் வருகிறது என்பதை ஒப்புக்கொண்ட மரபாகும். இறைவனுக்குத் தொண்டாவதைவிட அவன் அடியார்க்குத் தொண்டாவதே உயர்ந்தது என்னும் பாகவத சேஷத்துவக் கொள்கை பிற்கால ஆசாரியர்களால் விரித்துரைக்கப்பட்டது. நம்பிகள் வாழ்ந்து காட்டியதற்குக் கொள்கை பின்னர் பெயர் கொடுத்தது எனலாம்.

செய்தலும் ஆக்குதலும்

கிரேக்கத் தத்துவ அறிஞர் அரிஸ்டாட்டில் நிக்கோமேக்கிய அறவியலில் ஆக்குதல் வேறு, செய்தல் வேறு என்று பிரித்தார். வீடு கட்டுவதுபோல் தனக்கு வெளியே ஒரு பொருளை விட்டுச் செல்வது ஆக்குதல். நன்றாக வாழ்வதுபோல் தானே தன் பயனாக நிற்பது செய்தல். அதே நூலில் நட்பைப் பயன்பற்றியது, இன்பம்பற்றியது, நற்பண்புபற்றியது என மூன்றாகப் பகுத்த அவர், நண்பர்கள் தாம் மிகவும் விரும்பும் செயலைக் கூடிச் செய்தே நாள்களைக் கழிக்க விரும்புவர் என்றும், கூடிவாழ்தல் என்பது கால்நடைகள் ஒரே வெளியில் மேய்வதுபோன்றது அன்று என்றும் கூறினார். பூமாலை இந்தப் பகுப்பில் நடுவே நிற்கிறது. அது ஆக்கப்படும் பொருள்தான். ஆயினும் அன்றே வாடுவதால் பொருளாக எஞ்சுவதில்லை. பொருள் எஞ்சாத இடத்தில் எஞ்சுவது தொடுத்தோரின் உறவும் பழகிய கையின் பக்குவமும் மட்டுமே. ஆக்குதல் செய்தலாக மாறும் இந்த நுட்பம் அரிஸ்டாட்டிலின் பகுப்பில் வெளிப்படையாக இல்லை. புகலூர் மடத்திலும் பூந்தமல்லித் தோட்டத்திலும் அது அன்றாட வேலையாகவே இருந்தது.

ஜப்பானியச் சிந்தனையாளர் யனகி சோயெட்சு (1889–1961) இதன் இன்னொரு பக்கத்தைத் தொட்டார். பெயர் பொறிக்காத எளிய மக்கள் அன்றாடப் பயன்பாட்டுக்கெனச் செய்த கலங்களையும் துணிகளையும் மிங்கெய், அதாவது மக்கள் கைவினை, என்று அழைத்து, 1936இல் டோக்கியோவில் அவற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் நிறுவிய அவர், அப்பொருள்களின் அழகுக்குத் தாரிகி என்ற பௌத்தக் கருத்தைக் காரணமாகக் காட்டினார். தாரிகி என்பது தன் முயற்சியை நம்பாமல் தனக்கு அப்பாற்பட்ட ஆற்றலின் அருளில் தங்குதல். தென்கலை வைணவர் கூறும் மார்ச்சார நியாயம், அதாவது தாய்ப்பூனை வாயால் கவ்விச் செல்லும் குட்டி தன் முயற்சி ஏதுமின்றிக் காக்கப்படுவதுபோல் இறைவன் உயிரைக் காப்பான் என்ற நெறி, இதற்கு மிக நெருக்கமானது. மொட்டைக் கட்டுவதே மனிதர் வேலை, மலர்த்துவது அவர் வேலையன்று என்பதைப் பூத்தொடுப்பவர் நாள்தோறும் விரலால் கற்கிறார்.

கூடத்தின் வாசல்

இவ்வாறு கூறுவதால், கைவேலையைச் சுற்றி அமையும் கூட்டம் தானாகவே நல்லதாகிவிடும் என்று கொள்ளுதல் கூடாது. திருவாரூரில் பூ மண்டபத்தின் அருகே விழுந்து கிடந்த மலரை எடுத்து முகர்ந்த அரசியின் மூக்கைச் செருத்துணை நாயனார் அரிந்தார் என்றும், அதை எடுத்த கையை அவள் கணவர் கழற்சிங்கரே வெட்டினார் என்றும் பெரியபுராணம் கூறுவதைப் படிப்பவர் நடுங்காமல் இருக்க முடியாது. தொண்டின் தூய்மை பற்றிய கடுமை, தொண்டுக்கு வெளியே நிற்பவரை எவ்வளவு தூரம் மறக்கச் செய்யும் என்பதற்கு இது சான்று. சாத்துவதற்கு முன் தானே சூடிப் பார்த்த ஆண்டாளின் மாலையையே பெருமாள் விரும்பி ஏற்றார் என்ற வில்லிபுத்தூர் வரலாறு இக்கடுமைக்கு மரபு தானே தந்த மறுமொழி. அவள் சூடிக் களைந்த மாலை இன்றும் திருமலைப் பிரம்மோற்சவத்துக்கும் மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கும் கொண்டு செல்லப்படுகிறது.

இராமானுசரின் சீடர் அனந்தாழ்வான் கதை இன்னும் நுண்ணியது. திருமலையில் குளிரைப் பொறுத்துக்கொண்டு பூத்தொண்டு செய்ய யார் போவார் என்று இராமானுசர் கேட்டபோது முன்வந்த இவர், அங்கு நந்தவனத்துக்காகக் குளம் வெட்டுகையில் கருவுற்றிருந்த மனைவி மண் சுமந்தாள். அவள்மேல் இரங்கிச் சுமையை வாங்கிக்கொண்ட ஒரு சிறுவனை, தம் தொண்டில் பிறர் பங்கு கொள்வதைப் பொறாத அனந்தாழ்வான் கடப்பாரையால் அடிக்க, அடி மோவாயில் பட்டது. சிறுவனாக வந்தவர் வேங்கடவனே என்று தெரிந்தபோது அவர் பச்சைக் கற்பூரத்தை மருந்தாக அப்பினார். பெருமாளின் மோவாயில் இன்றும் அது சாத்தப்படுகிறது, கடப்பாரையும் கோயில் வாயிலில் வைக்கப்பட்டிருக்கிறது. தொண்டைத் தனக்கே உரியதாக்கிக்கொள்ளும் ஆசை, உதவ வந்த இறைவனையே காயப்படுத்தும் என்பது இக்கதையின் உட்கிடை. அருகில் ஒருவர் வந்து அமர இடம் விடாத பக்தி முழுமையான பக்தி ஆகாது.

கூலி பற்றிய கேள்வியும் உண்டு. சென்னையின் மேற்குப் புறநகர்த் திண்ணைகளில் உதிரிப்பூவைக் கூறுகூறாக வாங்கி, முழக் கணக்கில் கூலிக்குக் கட்டித்தரும் பெண்களின் வேலையைத் தொண்டு என்று பெயரிட்டுப் புகழ்ந்துவிட்டு, அவர்கள் முதுகுவலியையும் வருவாயையும் மறந்துவிடுவது அறமாகாது. நந்தவனங்களுக்கும் அவற்றைப் பேணியோர்க்கும் நிலம் விட்ட செய்திகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் பொறித்து வைத்திருப்பதால், தொண்டும் பிழைப்பும் ஒன்றையொன்று கெடுப்பன என்று முன்னோர் கருதவில்லை எனலாம். அத்திண்ணைகளிலும் ஒருத்தியின் கூறு முடியாதபோது அடுத்தவள் ஒரு கை எடுத்துக் கட்டித் தருவதும், கட்டும் நேரத்தில் வீட்டுத் துயரங்கள் பேசி ஆற்றப்படுவதும் இயல்பாக நடக்கின்றன. உறவு உண்மையானதாக இருக்கையில் அது நியாயமான கூலியையும் கேட்கும், கேட்க வேண்டும்.

சாவடிக்குத் திரும்புதல்

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு வரும் மெட்ரோ வழித்தடத்தில் கரையான்சாவடிக்கு அடுத்த நிலையத்தின் பெயர் முல்லைத்தோட்டம். பூந்தமல்லிக் கோயிலில் வரதராசரோடு எழுந்தருளியுள்ள தாயாரின் பெயர் புட்பவல்லி. நம்பிகளுக்கும் அங்கே தனிச் சன்னிதி உண்டு. தோட்டங்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்ட பகுதியில் பெயர்கள் மட்டும் பூவை நினைவில் வைத்திருக்கின்றன. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்ற பழமொழியைப் பெரியோரைச் சேர்ந்தவர் சிறப்படைவர் என்றே பொதுவாக விளக்குவர். ஆயினும் நாரின்றிப் பூக்கள் உதிரியே என்பதும் அதே பழமொழிக்குள் உள்ளது. நட்பே நார், மணத்தைப் பெறுவது மட்டுமன்றி, தனித்தனியே கிடந்த மணங்களை ஒன்றாகத் தாங்கி நிற்பதும் அதுவே.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பூசலார் வரலாறே கடைசி விடையையும் வைத்திருக்கிறது. கனவு கண்ட காடவர் மன்னன் நின்றவூருக்கு வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று ஊராரைக் கேட்டான். அப்படி ஒரு கோயில் இங்கு இல்லை என்றார்கள். அவன் திரும்பிவிடாமல் அவரையே தேடிச் சென்று வணங்கி, கோயில் எங்கே என்று கேட்டான். தம் உள்ளத்தில் இருந்ததை இறைவன் ஒரு பொருளாக எண்ணி இன்னொருவருக்குச் சொன்னான் என்று அறிந்து பூசலார் மருண்டு நின்று, பின் நடந்ததையெல்லாம் மன்னனுக்கு எடுத்துரைத்தார். எவரும் நுழைய முடியாத அந்த மனக்கோயிலுக்கும் குடமுழுக்கு நாளன்று ஒரு மனிதர் வழிவிசாரித்துக்கொண்டு வந்து சேர வேண்டியிருந்தது. அவரை அனுப்பியவன் அக்கோயிலில் குடிபுகவிருந்த இறைவனே.